முழுசாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்

ராணுவப் பழம்பொருள் சந்தைகளிலும் ஏல அரங்குகளிலும் ஒரு பொம்மை தவறாமல் நிற்கும். தலையில் தோல் ஹெல்மெட், முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க், உடம்பில் ஆட்டுத்தோல் இர்வின் ஜாக்கெட், அதன்மேல் மே வெஸ்ட் எனப்படும் மஞ்சள் மிதவைச் சட்டை, காலில் உயரமான பூட்ஸ், பக்கத்து மேசையில் லாக் புக் எனப்படும் பறத்தல் பதிவேடும் மெடல்களும். காலடியில் ஓர் அட்டை: லங்காஸ்டர் விமானி, முழு செட், 1944. லங்காஸ்டர் ஒரு குண்டுவீச்சு விமானம். அந்தப் பொம்மையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஒப்புவதில்லை. ஒவ்வொரு பொருளும் தனித்தனியே அசலாகவே இருக்கலாம். ஆனால் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் பறந்த ஒருவருடைய உடைமைகள் இப்படி மொத்தமாக ஒரே இடத்தில் தங்குவதற்கு நடைமுறையில் வழி மிகக் குறைவு. அவை எப்படிக் கலைந்தன என்பது தெரிந்தால்தான் எது எங்கே மிஞ்சியிருக்கும் என்பதும் தெரியும். பட்டன் வகைகளையும் ஹெல்மெட் மாதிரிகளையும் மனப்பாடம் செய்வதற்கு முன்னால், சேகரிப்பவர்கள் இதைத்தான் முதலில் கற்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

பொருள்கள் கலைந்த விதம்

பாம்பர் கமாண்டில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். இறந்தவர்கள் 55,573 பேர். நூற்றுக்கு நாற்பத்து நான்கு. ஆகவே கைக்கு வரும் எந்தப் பொருளையும், உரியவர் திரும்பி வந்தாரா, வரவில்லையா என்ற கேள்வியோடுதான் எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வழிகளும் இரண்டு விதமான மிச்சங்களை விட்டுச் சென்றிருக்கின்றன.

விமானம் திரும்பவில்லை என்றால், தாமதமில்லாமல் அந்தத் தளத்தின் அட்ஜஸ்ட்மென்ட் கமிட்டி சார்பில் ஓர் அதிகாரி அறைக்கு வந்துவிடுவார். கட்டிலும் அலமாரியும் அடுத்து வருகிற ஆளுக்கு வேண்டும். இருப்பதையெல்லாம் பட்டியல் போட்டு இரண்டாகப் பிரிப்பார்கள். அரசு கொடுத்தது ஸ்டோருக்குத் திரும்பும். சொந்தப் பொருள்கள் ஸ்லவ் பக்கத்தில் கால்ன்புரூக்கில் இருந்த விமானப்படையின் மத்தியக் காப்பகத்துக்குப் போய், அங்கிருந்து குடும்பத்துக்குச் சேரும். வீட்டாரின் மனதைப் புண்படுத்தக்கூடிய கடிதங்களையும் படங்களையும் வழியிலேயே எடுத்துவிடுவதும் உண்டு. பறக்கும் உடையில் அவர் அன்று போட்டுக்கொண்டு போனது அவரோடு போயிற்று; அறையில் கிடந்தது ஸ்டோருக்குப் போய் இன்னொருவர் தலைக்கோ காலுக்கோ ஏறியது. அப்படியானால் வீட்டுக்கு வந்தது என்ன? அதிகாரியாக இருந்தால், தன் செலவில் தையற்காரரிடம் தைத்துக்கொண்ட சர்வீஸ் டிரஸ் கோட்டும் தொப்பியும். பிறகு கடிதங்கள், சவரப் பெட்டி, சிகரெட் டப்பா, கைக்கடிகாரம், சைக்கிள். சார்ஜென்ட்டாக இருந்தவரின் யூனிஃபார்ம் அரசுடையது. அதனால்தான் இறந்துபோன சார்ஜென்ட் விமானி ஒருவரின் கோட் பெயரோடு கிடைப்பது, அதே நிலையில் இறந்த அதிகாரியின் கோட்டைவிட அரிது.

உயிரோடு திரும்பியவரின் கதை வேறு. அவர் பறக்கும் பணியை விட்டு வெளியேறும்போது ஹெல்மெட், மாஸ்க், பாராசூட் எல்லாவற்றையும் கணக்கு ஒப்படைத்தாக வேண்டும். சிலர் கையுறையையோ கண்ணாடியையோ "தொலைத்து" வைத்துக்கொண்டார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் அவர் வீட்டுப் பெட்டியில் பெரும்பாலும் இருப்பது லாக் புக், மெடல்கள், கோட், ஒரு விசில், படையணிப் புகைப்படம், இவ்வளவுதான். போர்க்கைதியாக இருந்தவரானால் ஜெர்மானியர் கொடுத்த துளையிட்ட செவ்வகத் தகடும், முகாமில் ஒய்.எம்.சி.ஏ. வழங்கிய குறிப்பேடும் சேரும். மாஸ்க் முதல் மே வெஸ்ட் வரை ஒரே பெயரில் ஒருவர் விற்றால் என் முதல் கேள்வி, "இது ஸ்டோருக்குத் திரும்பாமல் எப்படித் தப்பியது?" என்பதாகத்தான் இருக்கும். நல்ல பதில் இருக்கவும் கூடும். பதிலே இல்லாவிட்டால் அது ஒருவருடைய உடைமை ஆகாது, பலருடைய பொருள்களின் தொகுப்பு.

விமானி உண்மையில் எதைப் போட்டுக்கொண்டார்

இர்வின் ஜாக்கெட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குண்டுவீச்சு விமானி என்றாலே ஆட்டுத்தோல் ஜாக்கெட் என்று படம் பதிந்துவிட்டது. லங்காஸ்டரில் சூடான காற்று வந்த குழாய் ரேடியோ இயக்குபவரின் பக்கத்தில் இருந்தது. அவர் வியர்த்துக்கொண்டிருக்க, மூக்கில் படுத்திருந்த, குண்டுக்குக் குறிபார்க்கும் பாம் எய்மரும் வாலில் உட்கார்ந்திருந்த துப்பாக்கி வீரரான கன்னரும் விறைத்துப்போனார்கள். விமானி இடையில். பலரும் நீலச் சாம்பல் நிறக் களச் சீருடையான பேட்டில் டிரஸ், உள்ளே வெள்ளைக் கழுத்து மூடிய ஸ்வெட்டர், பட்டுக் கழுத்துத்துணி, இவற்றோடு பறந்தார்கள். கனத்த ஜாக்கெட்டோடு பாராசூட் வார்ப்பட்டையான ஹார்னஸை மாட்டிக்கொண்டு அந்த இருக்கையில் எட்டு மணி நேரம் உட்காருவது சுலபமில்லை. ஆகவே இர்வின் ஜாக்கெட் மட்டும் இருந்தால் அது எதற்கும் சாட்சியில்லை. முதுகு ஒரே துண்டாக இருந்தால் பெரும்பாலும் முந்தைய தயாரிப்பு. பல துண்டுகளாக ஒட்டுப்போட்டிருந்தால் தோலை மிச்சப்படுத்திய பிந்தைய தயாரிப்பு. ஜிப் மாற்றியிருந்தால் குறையாக நினைக்க வேண்டாம், குறித்து வைத்தால் போதும்.

ஹார்னஸிலும் இதே கதை. லங்காஸ்டர் விமானி வழக்கமாக உட்கார்ந்துகொள்ளும் வகைப் பாராசூட்டைப் பயன்படுத்தினார், அதன் மடிப்பே அவருக்கு மெத்தை. மற்றவர்களின் பாராசூட் பொதி தனியே வைக்கப்பட்டிருக்கும், தேவைப்படும்போது மார்பிலுள்ள கொக்கிகளில் மாட்ட வேண்டும். மார்புக் கொக்கியுள்ள ஹார்னஸைப் பொம்மைக்கு மாட்டி "விமானி" என்று எழுதியிருந்தால், அடுக்கியவருக்கு விஷயம் தெரியவில்லை என்று அர்த்தம். பூட்ஸில் 1943 மாதிரியைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். எதிரி நாட்டில் இறங்கினால் மேல்பகுதியை வெட்டி எறிந்துவிட்டுச் சாதாரண ஷூவாக நடக்கலாம். வெட்டுவதற்கான சிறு கத்தி பூட்ஸின் உள்பையிலேயே இருக்கும். பை இருந்து கத்தி இல்லாத ஜோடிகளே அதிகம். பிற்காலக் கத்தியைப் போட்டு விற்பதும் நடக்கிறது, பைக்குள் துரு படிந்த தடம் கத்தியின் அளவோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

ஒரு சட்டைக்கையை வாசிப்பது

என் எண்ணம் முழுவதையும் திருப்பியது பேட்டில் டிரஸ் சட்டைதான். பெயர் எழுதாத, யாருடையது என்று தெரியாத சட்டைகூட எவ்வளவு பேசும் என்பதை அதில்தான் காண முடியும். உள்ளே வெள்ளை லேபிளில் "சூட்ஸ், ஏர்க்ரூ, பிளவுஸ்" என்று உடையின் பெயர், சைஸ் எண், உயர மார்பளவுகள், தயாரிப்பாளர் பெயர். கிரீடத்தோடு ஏ.எம். என்ற ஏர் மினிஸ்ட்ரி முத்திரை. ஆண்டு இருந்தால் அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். போருக்குப் பிந்தைய சட்டைகள் ஏராளமாகப் போர்க்காலத்துச் சட்டைகளாக விற்கின்றன. 1952 வரை ஆறாம் ஜார்ஜ் இருந்ததால் அரசர் கிரீடம் போட்ட பட்டனோ இறக்கைச் சின்னமோ 1944-க்கு ஆதாரம் ஆகாது.

பிறகு சட்டையை மேசையில் விரித்து, அறை விளக்கை அணைத்து, ஒரு டார்ச்சைத் துணியின் மட்டத்துக்குப் பக்கவாட்டில் வைத்து ஒளி வழுக்கிச் செல்லும்படி பாருங்கள். மேல்கையில் வி வடிவில் ஊசித் துளைகளின் வரிசை எழுந்து தெரிந்தால் அங்கே ஒருகாலத்தில் சார்ஜென்ட் பட்டை இருந்தது. தோளுக்குக் கீழே சிறகு விரித்த பறவையின் உருவத்தில் துணி கொஞ்சம் கருநீலமாக இருந்தால் அது கழுகுச் சின்னம் தைத்திருந்த இடம். வெயிலும் தேய்மானமும் படாததால் அந்த இடத்தில் ரோமம் அப்படியே நிற்கும். கழுகு சாதாரண நிலை வீரர்களுக்கும் சார்ஜென்ட்டுகளுக்கும் உரியது, அதிகாரிகளுக்குக் கிடையாது. அதே சட்டையின் தோள்பட்டையில் இப்போது ஃப்ளையிங் ஆஃபீசர் பட்டை தைத்திருந்தால், சார்ஜென்ட்டாக இருந்து அதிகாரியாக உயர்ந்த ஒருவர் புதுச்சட்டை வாங்காமல் பழையதையே மாற்றித் தைத்துக்கொண்டார் என்று படிக்கலாம். கைப்பகுதியை உள்ளே புரட்டினால், வெட்டிவிட்ட பழைய நூல் நுனிகள் சில இடங்களில் இன்னும் தொங்கும்.

இந்தத் தடயம் ஆவணத்தோடு மோதும் இடத்தில்தான் உண்மை தெரிய வரும். ஒருவர் அதிகாரியானது பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் தேதியோடு அச்சாகியிருக்கும். அவர் 1943 இலையுதிர்காலத்தில் அதிகாரியானவர் என்று வைத்துக்கொள்வோம். சட்டை லேபிளில் 1942 என்றிருந்து பட்டையின் தடமும் இருந்தால் பொருந்துகிறது. லேபிளில் 1944 என்றிருந்து சார்ஜென்ட் பட்டையின் தடம் இருந்தால் அந்தச் சட்டை அவருடையது இல்லை; யார் என்ன கதை சொன்னாலும் சரி. ஒன்றை மறக்க வேண்டாம்: அதிகாரியானதும் சேவை எண் மாறிவிடும். ஒரே மனிதருக்கு இரண்டு எண்கள். சார்ஜென்ட் காலத்து எண்ணை மட்டும் வைத்துத் தேடி, "இவர் பதிவில் இல்லை" என்று கைவிட்டவர்கள் நிறைய.

விமானியின் இறக்கைச் சின்னத்தையும் இதே வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முழு இறக்கையின் அடியில் பாதி இறக்கையின் தடம் தெரிந்தால் அது நேவிகேட்டரோ கன்னரோ போட்டிருந்த சட்டை. விமானியின் பொருளுக்கு விலை அதிகம் என்பதால் மாற்றியிருக்கிறார்கள். பழைய துளைகள் பிரஷ் போட்டுத் துவைத்ததில் பாதி மூடியிருக்கும், புதுத் துளைகள் சுத்தமாகத் திறந்திருக்கும். இடது காலர் கொக்கியில் விசில் மாட்டுவது வழக்கம், அதில் ஏ.எம். 23/230 என்று பொறித்திருக்கும். விசில் பத்து நிமிடத்தில் வாங்கி மாட்டக்கூடிய பொருள், ஆனால் கொக்கியைச் சுற்றியுள்ள தேய்மானத்தை அப்படி மாட்ட முடியாது.

புற ஊதா விளக்கு எல்லோரும் வைத்திருக்கும் கருவி, எல்லோரும் தவறாகப் படிக்கும் கருவியும்கூட. போருக்குப் பிந்தைய செயற்கை நூல் பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிரும். தையல் நூல் ஒளிர்ந்தால் சின்னம் பின்னால் தைக்கப்பட்டிருக்கலாம். ஆனால் சட்டை முழுவதும் ஒளிர்ந்தால் போலி என்று தூக்கிப் போடாதீர்கள். யாரோ ஒருவர் 1970களில் நவீன சோப்புத்தூளில் துவைத்திருப்பார், அதிலுள்ள வெண்மையூட்டி துணியில் தங்கிவிடும். அதிகாரியின் சர்வீஸ் டிரஸ் கோட்டில் உள்பாக்கெட்டில் தையற்காரர் லேபிளில் மையால் பெயரும் தேதியும் எழுதியிருக்கும். ஏமாற்றுவதும் அங்கேதான். லேபிளின் ஓரத்தை மெல்லத் தூக்கி அடியிலுள்ள லைனிங்கைப் பாருங்கள். எண்பது ஆண்டுகள் மூடியிருந்த இடம் சுற்றுப்புறத்தைவிட நிறம் கூடுதலாக இருக்க வேண்டும், ஊசித் துளைகள் ஒரே ஒரு வரிசைதான் இருக்க வேண்டும்.

காகிதம்தான் முதுகெலும்பு

துணியைவிட லாக் புக்கை நான் அதிகம் மதிக்கிறேன். விமானியினுடையது ஃபார்ம் 414. இரவுத் தாக்குதல்களைச் சிவப்பு மையிலும் பகல் தாக்குதல்களைப் பச்சை மையிலும் எழுதுவது வழக்கம். ஒவ்வொரு மாத முடிவிலும் ஃப்ளைட் கமாண்டர் கையெழுத்து. திரும்பாதவரின் கடைசிப் பதிவு வேறொருவர் கையெழுத்தில் இருக்கும். மத்தியக் காப்பகத்தின் "மரணம் அனுமானிக்கப்பட்டது" என்ற முத்திரையும் சில புத்தகங்களில் உண்டு. போருக்குப் பின் குடும்பத்தினர் கேட்டு வாங்காத லாக் புக்குகளில் பெரும்பகுதியை 1960 வாக்கில் அழித்துவிட்டார்கள். மாதிரிக்குச் சில மட்டும் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எண்ணிக்கை குறைவாக இருப்பதற்கு அது முக்கியமான காரணம்.

புத்தகத்தைச் சரிபார்க்கும் இடம் லண்டனில் கியூ. அங்குள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 வரிசையில் ஸ்குவாட்ரன்கள் என்ற விமானப் படையணிகளின் செயற்பாட்டுப் பதிவேடுகள் இருக்கின்றன. ஃபார்ம் 540 அன்றைய சுருக்கம். ஃபார்ம் 541 ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனி வரி: விமான எண், குழுவினர் பெயர், புறப்பட்ட நேரம், இறங்கிய நேரம். லாக் புக்கின் சில வரிகளை இதோடு ஒப்பிடுங்கள். ஐந்து பத்து நிமிட வித்தியாசம் சாதாரணம். தேதியும் விமான எண்ணும் தொடர்ந்து பொருந்தவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம்.

தமிழ் வாசகர்களுக்கு அந்தப் பதிவேடுகளில் இரண்டு பெயர்கள் கண்ணில் படும். 35 ஸ்குவாட்ரனின் முழுப்பெயர் 35 மெட்ராஸ் பிரெசிடென்சி ஸ்குவாட்ரன். ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானத்தை முதலில் பெற்ற அணி அது. 1942 ஆகஸ்டில், முன்னே சென்று இலக்கைக் குறித்துக் காட்டும் பாத்ஃபைண்டர் படை தொடங்கியபோது கிரேவ்லி தளத்துக்கு வந்து அதில் சேர்ந்தது. 97 ஸ்குவாட்ரனின் பெயரில் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ், அதாவது சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா. பேரரசின் பகுதிகளின் பெயரை அணிகளுக்குச் சூட்டிய காலம் அது. "மெட்ராஸ்" என்ற சொல்லைக் காட்டி இந்திய விமானியின் பொருள் என்று யாராவது கூடுதல் விலை கேட்டால், 541-இல் பெயரைப் பார்த்த பிறகு பேசுங்கள்.

மெடல்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரிட்டனில் வழங்கிய போர் நட்சத்திரங்களில் பெயர் பொறிக்கவில்லை. ஆஸ்திரேலிய, தென்னாப்பிரிக்க வழங்கல்களில் பெயர் உண்டு. பறத்தல் வீரத்துக்கான சிலுவையான டி.எஃப்.சி.யின் பின்புறம் கீழ்க்கரத்தில் ஆண்டு மட்டும் இருக்கும். சார்ஜென்ட் நிலையினருக்கு அதேபோல வழங்கிய டி.எஃப்.எம். பதக்கத்தின் விளிம்பில் பெயரும் எண்ணும் இருக்கும். ஏர் க்ரூ யூரோப் ஸ்டார் 1944 ஜூன் 5 வரை பறந்தவர்களுக்கு, மறுநாள் முதல் ஃபிரான்ஸ் அண்ட் ஜெர்மனி ஸ்டார். முதலாவதற்கு விலை பல மடங்கு அதிகம், நகல்களும் அதற்கேற்ப. லாக் புக்கில் முதல் தாக்குதலே 1944 ஜூலையில் என்றிருந்து பக்கத்தில் ஏர் க்ரூ யூரோப் மின்னினால் யாரோ நிரப்பியிருக்கிறார்கள்.

சின்னப் பொருள்கள் சில சமயம் பெரிய வேலை செய்யும். பாராசூட்டால் உயிர் பிழைத்தவர்களுக்கு இர்வின் நிறுவனம் கொடுத்த கம்பளிப்புழு வடிவத் தங்கச் சட்டை ஊசியின் பின்னால் பெயர் பொறித்திருக்கும். தப்பிச் செல்ல உதவிய திசைகாட்டிப் பட்டன்களின் மூடி முதலில் வழக்கமான திசையில் திறந்தது, ஜெர்மானியர் கண்டுகொண்ட பிறகு எதிர்த்திசையில் திறக்கும்படி செய்தார்கள். இறுகியிருக்கிறது என்று பலத்தைக் காட்டித் திருகினால் மரை போய்விடும். நெதர்லாந்தில் மார்க்கர்மேர் ஏரியில் கிடந்த ஸ்டெர்லிங் விமானத்தை முதலில் வேறோர் எண்ணுள்ள விமானமாகவே நினைத்திருந்தார்கள். எழுத்துகள் பொறித்த ஒரு சிகரெட் டப்பாதான் அது பிகே716 என்று காட்டியது. 2020-இல் விமானத்தை வெளியே எடுத்தார்கள். விழுந்த விமானங்களிலிருந்து பொருள் எடுப்பது தனி விஷயம். பிரிட்டனில் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியில்லாமல் தொடவே கூடாது. அப்படித் தோண்டி எடுத்த பொருளை வாங்குவதும் எனக்கு உடன்பாடில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

கம்பளித் துணி எது வந்தாலும் அலமாரியில் வைப்பதற்கு முன் அந்துப்பூச்சிக்கு வழி செய்ய வேண்டும். பாலித்தீன் பையில் போட்டு, காற்றைப் பிழிந்து எடுத்து, ஒட்டி மூடி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் ஃப்ரீஸரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு முழு நாள் மூடியபடியே விடுங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த துணியில் நீராகப் படிந்துவிடும். ரப்பர், செல்லுலாய்ட், தோல் சேர்ந்த பொருள்களை இப்படிச் செய்யாதீர்கள். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் மூடிய பெட்டியும் அடிக்கடி மாற்றும் சிலிக்கா ஜெல்லும் இல்லாமல் அது நடக்காது. 65 சதவீதம் தாண்டிவிட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

இர்வின் ஜாக்கெட்டுக்கு எண்ணெயோ லெதர் கிரீமோ தடவ வேண்டாம். தோல் கருத்து, ரோமப் பக்கம் பிசுபிசுத்து, சிதையும் வேகம்தான் கூடும். தையலோரத்தில் தோல் அப்பளம் போல ஒடிகிறது என்றால் அதைத் தொங்கவிடும் காலம் முடிந்தது, அமிலமற்ற காகிதம் திணித்துப் படுக்க வையுங்கள். மாஸ்க்கின் ரப்பர் குழாயை மெடலோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள். ரப்பரிலிருந்து வரும் கந்தகம் வெள்ளியைக் கருக்கிவிடும். பழைய செல்லுலாய்ட் கண்ணாடிகள் அமில ஆவி விடும், தனியாகக் காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். கடிகாரத்திலும் திசைகாட்டியிலும் உள்ள ஒளிரும் பூச்சு ரேடியம். ஒளிர்வது நின்றுவிட்டதால் ஆபத்தும் நின்றது என்று நினைக்க வேண்டாம். ரேடியம் பாதியாகக் குறையவே 1600 ஆண்டுகள் ஆகும். மூடியைத் திறக்காதீர்கள், படுக்கையறையில் வைக்காதீர்கள்.

இனி அந்தப் பொம்மைக்கு வருகிறேன். நிரப்பி வைப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஓர் இளைஞர் இருபத்திரண்டு வயதில் எதை மாட்டிக்கொண்டு அந்தக் காக்பிட்டில் ஏறினார் என்று காட்ட அது உதவும். ஆனால் ஒவ்வொரு பொருளும் மூன்றில் எது என்று எழுதியிருக்க வேண்டும்: அவருடையது என்று ஆதாரம் உள்ளது, அவர் வீட்டிலிருந்து வந்தது, பின்னால் நிரப்பியது. பருத்தி நாடாவில் நிறமி மையால் எழுதி, லைனிங்கின் தையலோரத்தில் இரண்டே தையல் தளர்வாகப் போட்டால் போதும். ஸ்டிக்கர் வேண்டாம், பின் குத்தவும் வேண்டாம். வாங்கும்போது யார் யாரிடமிருந்து வந்தது என்ற கடிதங்களும் ரசீதுகளும் பொருளோடு சேர்ந்தே இருக்கட்டும். விற்க வேண்டி வந்தால் மொத்தமாக விற்றுவிடுங்கள். லாக் புக் ஒருவருக்கு, மெடல் ஒருவருக்கு, கோட் ஒருவருக்கு என்று பிரித்தால் பணம் கூடுதலாகக் கிடைக்கும், அது தெரிந்தேதான் சொல்கிறேன். பிரிந்த பின் பெயரில்லாத கோட்டைத் திரும்ப அந்த லாக் புக்கோடு சேர்க்க யாராலும் முடியாது. முதலில் கமிட்டி செய்ததையே இரண்டாம் முறை நாம் செய்கிறோம், அவர்களுக்காவது வேறு வழியில்லை.

லங்காஸ்டரில் ஏழு பேர். ஒரு விமானியின் லாக் புக் உங்கள் கையில் இருந்தால் மற்ற ஆறு வீட்டாருக்கும் அதில் பங்கு உண்டு. அவர்களில் பலரிடம் ஒரு காகிதம்கூட இருக்காது. ஆகவே அட்டை, முத்திரைகள், காலிப் பக்கங்கள் உட்பட முழுவதையும் ஸ்கேன் செய்து, லிங்கனில் உள்ள சர்வதேச பாம்பர் கமாண்ட் மையத்தின் டிஜிட்டல் காப்பகத்துக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். ஸ்கேன் செய்யும்போது புத்தகத்தை 180 டிகிரிக்கு அழுத்தித் திறக்காமல், இருபுறமும் மெத்தென்ற தாங்கல் கொடுத்து 90 டிகிரியில் வைத்து மேலிருந்து படமெடுங்கள். அந்த முதுகுத் தையல் ஒருமுறை விட்டால் பக்கங்கள் தனித்தனியாகி விற்பனைக்குப் போய்விடும்.